கீழ்வாய் இலக்கம்: பின்னங்களுக்கு வரிசை கொடுத்த கணக்கு

3/16 பெரிதா, 1/5 பெரிதா? ஆறாம் வகுப்பு மாணவனிடம் இப்படிக் கேட்டால் அவன் உடனே கணக்குப் போடத் தொடங்குவான். 16-க்கும் 5-க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. 3/16 என்பது 15/80. 1/5 என்பது 16/80. ஆகவே 1/5 பெரிது. அல்லது குறுக்குப் பெருக்கல் செய்து, 15-ஐயும் 16-ஐயும் பார்த்து அதே முடிவுக்கு வருவான். விடையில் பிழையில்லை. ஆனால் விடையை எழுதி முடித்த பிறகும் அந்தப் பின்னங்கள் எவ்வளவு பெரியவை, ஒன்றைவிட மற்றது எவ்வளவு கூடுதல் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதே கேள்வி ‘மூவீசம் பெரிதா, நாலுமா பெரிதா’ என்று இருந்திருக்கும். கீழ்வாய் இலக்கம் படித்த பிள்ளைக்கு நாலுமாதான் பெரிது என்பதும், மூவீசத்தோடு ஒரு காணியைச் சேர்த்தால் நாலுமா ஆகிவிடும் என்பதும் யோசிக்காமலே தெரியும். இந்தப் பிள்ளை அந்த மாணவனைவிடப் புத்திசாலி என்பதில்லை. பின்னங்களை ஒப்பிடத் தேவையான பொதுப் பகுதியை ஒவ்வொரு கணக்கிலும் தேடும் வேலையை நாம் மாணவனிடம் விட்டிருக்கிறோம். பழைய தமிழ்க் கணக்கோ அதை ஒரே தடவையில் எல்லாருக்குமாகச் செய்து வைத்திருந்தது. அந்த ஏற்பாடு எப்படி அமைந்தது, எதற்காக அமைந்தது, அதன் குறைகள் என்ன, அது போன பிறகு பள்ளிக்கூடத்தில் எது குறைந்துபோயிற்று என்பவற்றை ஆதாரத்தோடு பார்ப்பது இன்றைக்கும் பயனுள்ளது.

முழு எண்கள் மேல்வாய் இலக்கம், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாய் இலக்கம். கீழ்வாயின் அடிப்படி முந்திரி, அதாவது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, 1/160. நான்கு முந்திரி காணி, 1/80. எட்டு முந்திரி அரைமா, பன்னிரண்டு முக்காணி, பதினாறு மா. மா என்பது 1/20. இருபது முந்திரி சேர்ந்தால் மாகாணி. வீசம் என்பதும் அதுவே, 1/16. அங்கிருந்து இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, மூவீசம் 60, நாலுமா 64, கால் 80, அரை 160, முக்கால் 240 என்று ஏறி, 320 முந்திரியில் ஒன்று முழுமையாகிறது. இந்த எண்களைப் பார்த்தாலே முறையின் உட்பொருள் விளங்கும். எந்தப் பின்னமானாலும் அது இத்தனை முந்திரி என்று சொல்லிவிடலாம். 1/20-ஐயும் 1/16-ஐயும் ஒப்பிடுவது 16-ஐயும் 20-ஐயும் ஒப்பிடுவதாகிவிடுகிறது. பின்னக் கணக்கு முழு எண் கணக்காக மாறிவிடுகிறது. சில பெயர்களே ஒப்பீட்டையும் சொல்லிவிடுகின்றன. மாவோடு காணி சேர்ந்தது மாகாணி என்றால் மாவைவிட மாகாணி பெரிது என்பதை யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘1/4-ஐவிட 1/8 பெரிது, ஏனென்றால் 4-ஐவிட 8 பெரிது’ என்று இன்றைய வகுப்பறைகளில் பிள்ளைகள் செய்யும் தவறு இந்த முறையில் எழ வழியே கிடையாது. அரைக்கால் என்பதில் 8 என்ற எண் எங்கும் இல்லை. காலில் பாதி என்பதுதான் இருக்கிறது.

320-ஐ ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு அந்த எண்ணே விடை. அது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்தது. பாதி, பாதியில் பாதி என்று மடித்துக்கொண்டே போகும் பங்கீட்டுக்கு இரண்டுகள் உதவும். விரல்விட்டு எண்ணும் ஐந்து, பத்து, இருபது என்ற வழக்கத்துக்கு ஐந்து உதவும். சந்தையில் நடக்கும் பங்கீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். முந்திரிக்கும் கீழே போகவேண்டி வந்தால் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. அதே பெயர்களின் முன்னால் ‘கீழ்’ என்று சேர்த்தால் போதும். கீழ் அரை என்பது முந்திரியில் பாதி. கீழ்க்கால் என்பது முந்திரியில் கால். கீழ்முந்திரி என்பது 320-ல் ஒன்றின் 320-ல் ஒன்று, அதாவது 1/1,02,400. ஒரே படிவரிசை 320 மடங்கு சுருங்கித் திரும்பவும் வருகிறது. தசம முறையில் புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு பத்தில் ஒன்றாகக் குறைவதைப் போலவே இங்கு 320-ல் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே ஒப்பிடும் விதியும் ஒன்றுதான்: முதலில் மேல்வரிசையைப் பார், அது சமமானால் கீழ்வரிசையைப் பார். இரண்டு பின்னங்களில் எது பெரிது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் முதல் வரிசையிலேயே விடை கிடைத்துவிடும்.

இந்த வரிசையைப் பிள்ளைகள் கற்றது மூன்று சுவடிகள் வழியாக. பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கும். முந்திரியும் முந்திரியும் சேர்ந்தால் அரைக்காணி, அரைக்காணியும் முந்திரியும் இவ்வளவு என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு ஒன்றுவரை ஏறி, அதற்கு மேலும் போகும். நெல்லிலக்கம் இதையே முகத்தல் அளவையில் செய்யும்: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நாழியை ஒன்றாக வைத்துப் பார்த்தால் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால், செவிடு அரைமா. வீட்டில் அரிசி அளக்கும் பாத்திரங்களை உயர வரிசையில் அடுக்கினால் பின்னங்களின் வரிசை கண்முன் நிற்கும். மூன்றாவது எண்சுவடி, பெருக்கல் வாய்ப்பாடுகள் கொண்டது. அதில் முழு எண்களோடு நிற்காமல் கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிக் குழியாக்கும் குழிமாற்றும் உடன் வரும். மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லி, கை தேர்ந்த பிறகு ஓலையில் எழுதுவது வழக்கம். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையை இந்தப் பள்ளிகளில் கண்டு எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் புத்தகமாக எழுதினார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துவரை பரவியது.

இத்தனை நுணுக்கமான வரிசை ஏட்டில் மட்டும் இருந்த அலங்காரமா? கல்வெட்டுகள் இல்லை என்கின்றன. முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டளவில் நாட்டை அளக்கச் செய்தான். அந்தப் பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டமே வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பரப்பு வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்குக் கீழே ‘கீழ்’ வரிசைகள் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றின் பரப்பைக் கழித்து, மிச்சமுள்ள நிலத்துக்கு இத்தனை கலம் நெல் என்று வரி விதிக்கப்பட்டது. அந்த நெல்லும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்று அளவுக்கருவியின் பெயரோடு சொல்லப்பட்டது. வேலியில் 52,42,88,00,000-ல் ஒரு பங்குவரை கணக்கு இறங்கியது என்பது சோழர் வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 320 நான்கு முறையும் ஐந்து ஒரு முறையும் பெருகி வந்தது என்று தெரியும். தரையில் அது எவ்வளவு? ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்று கொண்டால், அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பாதி. எந்தக் கோலும் எந்தக் கயிறும் அதை அளக்க முடியாது. இது வயலில் அளந்து கண்டதாக இருக்க முடியாது; கூட்டிக் கழித்த கணக்கிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும். சிலர் இதை வைத்துச் சோழர் நில அளவை அணுவரை துல்லியமானது என்று பெருமை பேசுகிறார்கள், அது பொருந்தாது. ஆனால் கணக்கர்கள் மிச்சத்தைக் கைவிடாமல் கடைசிவரை எழுதினார்கள் என்பதும், அதற்கேற்ற எழுத்தும் பெயரும் அவர்களிடம் இருந்தன என்பதும் உண்மை. வரி, குத்தகை, கோயில் பங்கு ஆகியவை இந்த எண்களில் ஓடியதால்தான் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முந்திரியிலிருந்து பாடம் தொடங்கியது.

இனி எதிர்வாதங்கள். இவற்றில் மிகப் பழையது, இது வெறும் நெட்டுரு என்பது. 1822-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்தக் கணக்கெடுப்புக்காக 1823-ல் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை, செலவு குறைந்த எழுத்துப் பயிற்சியையும் மூத்த பிள்ளைகள் இளையவர்க்குக் கற்பிப்பதையும் பாராட்டியது. பேச்சு மொழியிலிருந்து விலகிய செய்யுள்களைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று குறையும் சொன்னது. செய்யுளைப் பொறுத்தவரை அந்தக் குறையை மறுக்க முடியாது. அடிக்கும் கோதண்டம் என்ற தண்டனைக்கும் அஞ்சிப் படித்த படிப்பு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கீழ்வாய் இலக்கத்தின் மனப்பாடம் வேறு தன்மை கொண்டது. புரியாத செய்யுளை ஒப்பிப்பவன் ஒலியைத்தான் நினைவில் வைத்திருக்கிறான். முந்திரியோடு முந்திரியைக் கூட்டிக்கொண்டே ஏறுபவன் ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டலைச் செய்கிறான், அடுத்தது முந்தையதைவிட எவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்தே சொல்கிறான். திண்ணைப் பள்ளிக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு, நினைவாற்றல் அங்கே கற்றலின் எதிரியாக இல்லாமல் கற்கும் வழியாகவே இருந்தது என்று காட்டியிருக்கிறார். அது சரியான முடிவு என்றே படுகிறது. இன்றைய மாணவன் மனப்பாடம் செய்வதில்லையா? ‘பகுதிகளைச் சமமாக்கு, தொகுதிகளை ஒப்பிடு’ என்ற விதியை அவனும் மனப்பாடம்தான் செய்கிறான். திண்ணைப் பிள்ளை அளவுகளை மனப்பாடம் செய்தான், இவன் செய்முறையை மனப்பாடம் செய்கிறான். செய்முறை மறந்துவிட்டால் இவனிடம் எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது எதிர்வாதம் கணிதவழிப்பட்டது, இன்னும் வலுவானது. 320-ஐ மூன்றாலோ ஏழாலோ மீதியின்றி வகுக்க முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு இடமில்லாத பின்ன முறை என்ன முறை? அதே தென்னாட்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850-ஐ ஒட்டி, மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்தில் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு பின்னங்களைக் கையாளும் வழியை எழுதியிருந்தார். எந்தப் பகுதியானாலும் செல்லும் பொதுவிதி அது. இன்றைய பள்ளிக்கூடமும் அந்தப் பொதுவிதியின் வழியில்தான் போகிறது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, மூன்றாகப் பிரிக்கும் தேவை மிகுந்த இடத்தில் அளவையே மூன்றை வைத்திருந்தது. கலத்துக்கு மூன்று தூணி என்பதால் மூன்றில் ஒரு கலம் என்பது ஒரு தூணி, பின்னமே வேண்டாம். இரண்டு, கீழ்முந்திரிக்கும் கீழே இருந்த இம்மி. கீழ்முந்திரியை 21 பங்காக்கினால் ஒரு பங்கு இம்மி, அதாவது 1/21,50,400. 21-ல் மூன்றும் உண்டு, ஏழும் உண்டு. இதை வைத்து மூன்றில் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். 320-ல் மூன்றில் ஒரு பங்கு 106 முந்திரி, மிச்சம் முந்திரியில் மூன்றில் இரண்டு. 106 முந்திரி என்பது கால், மாகாணி, காணி, அரைக்காணி. மிச்சத்தைக் கீழ்வரிசையில் எழுதினால் 213 கீழ்முந்திரி, அதாவது கீழ் அரை, மும்மா, காணி, முந்திரி; இன்னும் மிச்சம் கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று. அது மிகச் சரியாக 7 இம்மி. கணக்கு மீதியின்றி முடிந்துவிடுகிறது. ஏழில் ஒன்றும் இப்படியே 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி என்று முடியும். அதை 3/20 ஆகிய மும்மாவோடு ஒப்பிட வேண்டுமானால் இம்மிவரை போகவும் வேண்டாம். மும்மா 48 முந்திரி, இது 45 சொச்சம், மும்மாவே பெரிது. பதினொன்று, பதிமூன்று என்று கேட்டுக்கொண்டே போனால் இந்த முறை ஏதோ ஓரிடத்தில் திணறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுமையில் மகாவீரர் வழியே உயர்ந்தது. ஆனால் தசம முறையிலும் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவின்றி ஓடுகிறது. அதற்காக யாரும் தசமத்தைக் கைவிடவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் நீதியைப் பற்றியது. அதற்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்தக் கணக்கு யாருடையது? திண்ணையில் உட்கார்ந்து சுவடி படிக்க எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. தீண்டாமைக்கு ஆட்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் அந்தக் கதவு மூடியே இருந்தது. ஊர்க் கணக்கு கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது. வரி கட்டுபவனும் கூலி வாங்குபவனும் அவர் சொன்னதை நம்ப வேண்டியவர்களாக இருந்தார்கள். நிலவுடைமையாளரின் மேல்வாரத்துக்கும் உழுபவனின் குடிவாரத்துக்கும் இடையே எந்தப் பின்னம் எங்கே போகிறது என்பது உழுதவனின் வயிற்றைத் தொட்ட விஷயம். கணக்குத் தெரிந்தாலும் போதவில்லை, அளக்கும் மரக்கால் சரியான மரக்காலாக இருக்க வேண்டும். 1940-களில் தஞ்சைப் பண்ணையாட்கள் நடத்திய போராட்டங்களில் சரியான அளவையில் கூலி நெல் அளக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது அதனால்தான். 1952-ல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் விளைச்சலில் குத்தகைதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்றது. 1956-ன் நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்தில் நிலவுடைமையாளருக்கு நூற்றுக்கு நாற்பது என்று வைத்தது. உழுதவனுக்கு ஐந்தில் மூன்று ஆயிற்று. பழைய வழக்கில் சொன்னால் எட்டு மா பன்னிரண்டு மாவாக உயர்ந்தது. பின்னங்களை ஒப்பிடத் தெரிவது பரீட்சைக்கு மட்டும் உரிய திறமை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே கீழ்வாய் இலக்கத்தைப் பொற்காலச் சின்னமாகக் கொண்டாடுவது தவறு. அதே சமயம், அநீதி படிவரிசையில் இல்லை, அதை யாருக்குக் கற்பித்தார்கள் என்பதில்தான் இருந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் பள்ளி திறந்துவிட்ட இன்று அந்தக் குறைக்கு இடமில்லை.

இந்த முறை ஒரே நாளில் மறையவில்லை. 1854-க்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகியபோது ஆங்கிலேயப் பாடத்திட்டத்தின் பகுதி, தொகுதி, மீச்சிறு பொது மடங்கு வகுப்பறைக்குள் வந்தன. கீழ்வாய் இலக்கம் கடைத்தெருவுக்கும் களத்துமேட்டுக்கும் ஒதுங்கியது. அங்கே அது நூறு ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு நாணயமும் ஒரு காரணம். ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணா என்பது வீசம் ரூபாய், இரண்டணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை. அரைக்கால் படி, மாகாணிப் படி என்று முகத்தலிலும் அதே பெயர்கள் ஓடின. கால், அரை, முக்கால் வாய்ப்பாடுகள் அச்சுப் புத்தகங்களிலும் தொடர்ந்தன. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனபோது இந்தக் கட்டு அவிழ்ந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று வர வேண்டியிருந்தது. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை; ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டு மாற்றினார்கள். நூறு என்ற புதிய வீட்டில் வீசத்துக்கு இடமில்லை. அடுத்தடுத்து மெட்ரிக் எடையும் அளவும் வந்து படியையும் மரக்காலையும் ஓரங்கட்டின. இதில் வருந்த ஒன்றுமில்லை. நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்பது ஏழைக்கும் வியாபாரிக்கும் நன்மையே. ஊருக்கு ஊர் மாறிய மரக்காலால் ஏமாந்தவர்கள் ஏராளம். 320 என்ற ஊரறிந்த பொதுப் பகுதிக்குப் பதிலாக 100 என்ற உலகறிந்த பொதுப் பகுதி வந்தது என்று பார்த்தால், பழைய எண்ணம் வேறு உருவில் தொடர்கிறது. சதவீதத்தில் சொன்னால் எல்லாருக்கும் ஒப்பிட முடிகிறதே, ஏன்? அங்கும் பகுதி முன்கூட்டியே ஒன்றாக்கப்பட்டுவிட்டது.

மாற்றத்தில் கைநழுவியது பள்ளிக்கூடத்துக்குள்தான். தசமமும் சதவீதமும் பிறகு வரும் பாடங்கள். பின்னத்தை முதன்முதலில் சந்திக்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது கோட்டுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எண்கள், பிறகு விதிகள். அவன் அவற்றை இரண்டு தனி எண்களாகவே பார்க்கிறான். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 1978-ல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். இரண்டுமே ஒன்றை ஒட்டியவை, விடை 2. அதைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ குறித்தார்கள், மேலுள்ளவற்றையோ கீழுள்ளவற்றையோ கூட்டிவிட்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னக் கூட்டல் பாடம் நடத்தப்படாமல் இருந்திருக்காது. அவர்களிடம் இல்லாதது இந்தப் பின்னம் எவ்வளவு பெரியது என்ற உணர்வு. பொன்னிலக்கம் படித்த பிள்ளைக்கு முக்காலைத் தாண்டிய இரண்டு பின்னங்களைக் கூட்டினால் ஒன்றரைக்கு மேல் வரும், இரண்டைத் தாண்டாது என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

முந்திரியையும் மாகாணியையும் பாடப்புத்தகத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அவற்றின் எழுத்துகளுக்கு 2019-ல் ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது. ‘கீழ்’ குறியீடு உட்பட 51 குறிகள் தமிழ்த் துணைத்தொகுதியில் சேர்ந்தன. ஆய்வாளருக்கு அது போதும். வகுப்பறைக்கு வேண்டியது அந்த முறையின் வரிசை. பகுதியும் தொகுதியும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று காகிதத்தை மடித்தும், தண்ணீரை அளந்தும், எண்கோட்டில் குறித்தும் பிள்ளை பின்னங்களை ஏறுவரிசையில் அடுக்கிப் பழக வேண்டும். ஒவ்வொரு பின்னத்தையும் அரையோடும் காலோடும் ஒப்பிட்டு, அதைவிடக் கூடுதலா குறைவா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வந்தபின் மீச்சிறு பொது மடங்கைக் கற்பித்தால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்க்கும் கருவியாக அது அவனுக்குப் பயன்படும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பின்னப் பாடத்தின் முதல் சில வகுப்புகளை விதி எதுவும் சொல்லாமல் ஒப்பிடுவதற்கு மட்டுமே ஒதுக்கிப் பார்க்கட்டும். அதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை. ஒரு படியும் அரைப்படியும் கால்படியும் இருந்தால் போதும்.